கணினி மக்கர் பண்ணினால் முதலில் எந்தக் கருவி?



எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது, எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு சக ஆசிரியையின் மடிக்கணினி அடிக்கடி உறைந்து நின்றது. மவுஸ் நகராது, எழுத்து ஏறாது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுத்தான் மறுபடி திறக்க வேண்டும். பள்ளி முடிந்ததும் கடைக்குக் கொண்டுபோனார். கடையில் இருந்த தம்பி ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "வைரஸ், டீச்சர். ஃபார்மட் பண்ணாதான் சரியா வரும்." டீச்சரும் சரி என்றார், கேட்ட காசையும் கொடுத்தார். ஏழு ஆண்டாகச் சேர்த்த கேள்வித்தாள்கள், இலக்கணப் பயிற்சிகள், படிவம் 5 மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் அன்றே போயின. போனது போகட்டும், கணினியாவது பிழைத்ததே என்று இருந்தவருக்குப் பன்னிரண்டாம் நாள் அதே உறைதல் திரும்பி வந்தது.

அப்போதுதான் அது என் மேசைக்கு வந்தது. நான் கணினி வல்லுநர் இல்லை, தமிழ் வாத்தியார்தான். கைக்காசு மிச்சம் பண்ணவேண்டிப் பழகிக்கொண்ட கொஞ்ச விஷயம் தெரியும். ஓர் இலவசக் கருவியைப் போட்டுப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு செத்துக்கொண்டிருந்தது. வைரஸ் எதுவும் இல்லை. பார்க்க ஆன நேரம் மூன்று நிமிடம். "இத மொதல்லயே பாத்திருக்கலாமே சார்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கருவிகளின் பெயர்களைக் காதில் விழும்படியே எழுதியிருக்கிறேன்.

கருவிக்கு முன்னால் கேள்வி

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பதால் வரும் பழைய கேலி அது. ஆனால் எந்த மருத்துவமனையாக இருந்தாலும் வந்தவருக்கு எடுத்த எடுப்பில் ஊசி போடுவதில்லை. எப்போதிருந்து, எந்த நேரத்தில், அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்ட பிறகுதான் எந்தச் சோதனை என்று முடிவு செய்கிறார்கள். கணினிக்கும் அதே முறைதான். கருவியைத் தேர்ந்தெடுப்பது அதன் பெயரையோ புகழையோ வைத்து அல்ல. நமக்கு எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமோ, அதை வைத்துத்தான்.

ஆகவே ஒரு தாளை எடுத்து நான்கு குறிப்பு எழுதுங்கள்.

1. கோளாறு எப்போது வருகிறது? திறந்த உடனேயா, அரை மணி நேரம் ஓடிய பிறகா, ஒரு குறிப்பிட்ட மென்பொருளைத் திறந்தால் மட்டுமா?
2. எப்போதும் வருகிறதா, சில வேளை மட்டுமா?
3. அதற்கு முன் என்ன மாறியது? புதிய மென்பொருள், விண்டோஸ் புதுப்பிப்பு, இடி மழை, கீழே விழுந்தது, பிறருடைய விரலி செருகியது?
4. திரையில் என்ன எழுதியிருந்தது? கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு சார்" என்பது உதவாது.

இந்த நான்கும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 'உறைகிறது', 'மெதுவாக இருக்கிறது' என்பவை அறிகுறிகள் மட்டுமே. ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். காய்ச்சல் என்றால் டெங்கியாகவும் இருக்கலாம், சாதாரண சளியாகவும் இருக்கலாம் அல்லவா?

மூன்று வகைக் கருவிகள்

கருவிகளை நான் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் வகை, பார்ப்பவை. இவை கணினியில் எதையும் மாற்றாது. டாஸ்க் மேனேஜர், ரிலையபிலிட்டி மானிட்டர், வன்தட்டின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, வெப்பநிலையைக் காட்டும் எச்.டபிள்யூ. இன்ஃபோ ஆகியவை இந்த வகை.

இரண்டாம் வகை, சோதிப்பவை. இவை ஓர் உறுப்பை வேலை வாங்கிப் பார்க்கும். நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86, கணினி நிறுவனங்களே உள்ளே வைத்து அனுப்பும் சோதனைகள் ஆகியவை இதில் அடங்கும்.

மூன்றாம் வகை, மாற்றுபவை. வன்தட்டில் பிழை திருத்தும் செக் டிஸ்க், விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் சிஸ்டம் ஃபைல் செக்கர், கடைசியாக ஃபார்மட்.

வரிசை இதுதான்: முதலில் பார்ப்பவை, பிறகு உங்கள் கோப்புகளுக்கு ஒரு நகல், அதன் பிறகு சோதிப்பவை, எல்லாவற்றுக்கும் கடைசியில் மாற்றுபவை. நம் டீச்சரின் கதையில் இந்த வரிசை தலைகீழாகப் போனது. மூன்றாம் வகையின் கடைசிக் கருவி முதல் கருவியாகிவிட்டது.

செக் டிஸ்க் பற்றி ஒரு சொல். கூடுதல் கட்டளை எதுவும் சேர்க்காமல் ஓட்டினால் அது பார்த்துவிட்டு அறிக்கை மட்டும் தரும். திருத்தச் சொல்லும் கட்டளையைச் சேர்த்தால்தான் தட்டில் எழுதத் தொடங்கும். கெட்ட பகுதிகளையும் தேடச் சொன்னால் தட்டு முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும். சாகக் கிடக்கும் தட்டை அப்படி ஓடவிட்டால் இருக்கிற உயிரும் போகலாம். அதனால்தான் நகல் முன்னே, திருத்தம் பின்னே.

அறிகுறி வாரியாக

அ) பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை

கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி மழை புதிதல்ல. அப்படி ஒரு மழைக்கு மறுநாள் ஒரு மேசைக் கணினி எழுந்திருக்கவே இல்லை. "மதர்போர்டு எரிஞ்சிருச்சு சார்" என்று ஒரு மாணவன் அடித்துச் சொன்னான். நான் எடுத்த கருவி ஒரு மேசை விளக்கு. அதே எக்ஸ்டென்ஷன் வயரில் செருகினேன். விளக்கும் எரியவில்லை. நம் நாட்டு மூன்று முனை பிளக்குக்குள் ஒரு சிறு ஃபியூஸ் இருக்கிறது, அதுதான் போயிருந்தது. சுவர் சுவிட்ச், வயர், ஃபியூஸ், மடிக்கணினியானால் சார்ஜர்: இவற்றை முதலில் பாருங்கள். முடிந்தால் வேறொன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். நல்லது என்று தெரிந்த உறுப்பை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் பழுது பார்ப்போரின் மிகப் பழைய சோதனை.

மின்சாரம் வருகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பு என்றால் காதைக் கொடுங்கள். கணினி விண்டோஸைத் தொடும் முன் தன்னைத் தானே ஒரு முறை சோதித்துக்கொள்ளும். சில கணினிகள் அதில் தோற்றால் 'பீப்' ஒலி எழுப்பும், சிலவற்றில் விளக்கு சிமிட்டும். எத்தனை முறை என்று எண்ணிக்கொள்ளுங்கள். பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் உங்கள் கணினி மாதிரியின் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள்.

ஆ) மெதுவாக இருக்கிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். மூன்று பத்திகளைப் பாருங்கள்: சி.பி.யு., மெமரி, டிஸ்க். எது நெடுநேரம் 100 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறதோ, அங்கேதான் நெரிசல். மெமரி நிறைந்திருந்தால் ஒரே நேரத்தில் நிறையத் திறந்து வைத்திருக்கிறீர்கள், அல்லது நினைவகம் போதவில்லை. சி.பி.யு. என்றால் எந்த மென்பொருள் தின்கிறது என்று அதே பட்டியலில் தெரியும். டிஸ்க் மட்டும் 100-இல் நின்று, பெரிய வேலை எதுவும் ஓடவில்லை என்றால் வன்தட்டின் மேல் சந்தேகப்படலாம். அப்போதுதான் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. 'மெதுவாக இருக்கிறது' என்ற ஒரே புகாருக்கு மூன்று வேறு வைத்தியம் என்பதைக் கவனியுங்கள்.

இ) உறைகிறது, நீலத் திரை வருகிறது

முதலில் ரிலையபிலிட்டி மானிட்டர். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே உள்ளே இருக்கும் கருவி இது, ஆனால் நம்மில் பலர் திறந்ததே இல்லை. ஸ்டார்ட் பட்டியலில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டச்சு செய்தால் போதும். நாள் வாரியாக ஒரு நாட்காட்டி போல வரும். எந்த நாளில் எது விழுந்தது, அன்று என்ன புதிதாக நிறுவப்பட்டது என்று பக்கத்திலேயே தெரியும். ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து சிவப்புக் குறி தொடங்கினால், அந்த நாளில் நிறுவியதுதான் முதல் சந்தேக நபர்.

குறிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடந்தால் வன்பொருளைப் பாருங்கள். வன்தட்டுக்கு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. நினைவகத்துக்கு விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் அல்லது மெம்டெஸ்ட் 86. மெம்டெஸ்ட் விரலியிலிருந்து நேரே ஓடும், விண்டோஸ் தேவையில்லை. முழுச் சோதனைக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். நினைவகத்தில் 'கொஞ்சம் பிழை' என்பது கிடையாது, ஒரு பிழை வந்தாலும் அது கோளாறுதான்.

வன்பொருளா மென்பொருளா என்று இன்னும் குழப்பமா? விரலியிலிருந்து உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை, நிறுவாமல், 'ட்ரை' என்ற தேர்வின் வழி ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் உறைந்தால் பெரும்பாலும் வன்பொருள். அங்கே மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடினால் சந்தேகம் விண்டோஸ் பக்கமும் வன்தட்டின் பக்கமும் சாய்கிறது. இன்னொரு நன்மை, திறக்க மறுக்கும் கணினியிலிருந்து கோப்புகளை நகலெடுக்கவும் இந்த வழி உதவும். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும். மீட்புச் சாவி எண்ணைக் கணினி நன்றாக இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈ) கொஞ்ச நேரம் ஓடித் தானாக அணைகிறது

ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடுகிறது என்றால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். எச்.டபிள்யூ. இன்ஃபோவில் செயலியின் வெப்பநிலையைப் பாருங்கள். சாதாரணத் தட்டச்சு வேலைக்கே 90 டிகிரியைத் தாண்டி 100-ஐ நெருங்கினால் காற்றுப் போகும் வழி அடைத்திருக்கிறது. தூசு, பஞ்சு, சில வேளை பல்லி முட்டையும் இருக்கும். மெத்தையின் மேல் மடிக்கணினியை வைத்துத் திருத்துவதை முதலில் நிறுத்திப் பாருங்கள், செலவில்லாத சோதனை அது.

உ) இணையத்தளம் திறக்கவில்லை

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். திறந்தால் கணினி நல்லது, வைஃபை அல்லது லைன்தான் கோளாறு. திறக்காமல், எல்லாத் தளங்களும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சொன்னால் திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி பல ஆண்டு பின்னால் இருந்தால் எந்தச் சான்றும் செல்லாது. தேதியைத் திருத்தியும், மின்சாரம் துண்டித்தால் மறுபடி பின்னோக்கிப் போகும் பழைய மேசைக் கணினி என்றால், அதனுள் இருக்கும் வட்டமான 3 வோல்ட் பேட்டரி முடிந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேட்டால் மளிகைக் கடையில்கூடக் கிடைக்கலாம்.

ஊ) தமிழ் எழுத்து சிதைந்து தெரிகிறது

இது நமக்கே உரிய கோளாறு. பழைய கேள்வித்தாளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று உடனே முடிவு கட்டுகிறோம். கணினிக்கு ஒன்றுமில்லை. ஒருங்குறி பரவும் முன் டி.எஸ்.சி.ஐ.ஐ., டாம், டாப் எனப் பல குறியாக்கங்கள் புழங்கின. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு அந்தக் குழப்பத்தைக் குறைக்க முயன்றது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டச்சு செய்து வளர்ந்த தலைமுறையிடம் அந்தக் காலக் கோப்புகள் இன்னும் இருக்கின்றன.

சோதனை எளிது. சிதைந்த ஒரு வரியை நகலெடுத்து உங்கள் கைப்பேசிக்குச் செய்தியாக அனுப்புங்கள். கைப்பேசியில் தமிழாகத் தெரிந்தால் அது ஒருங்குறி, கணினியில் எழுத்துரு அமைப்பைப் பாருங்கள். அங்கேயும் சிதைந்தால் பழைய குறியாக்கம், எழுத்துரு மாற்றி மென்பொருள் போதும். இதற்காக ஃபார்மட் செய்வது, கையெழுத்து புரியவில்லை என்று மாணவனின் நோட்டை எரிப்பது போல.

எ) விரலியில் கோப்புகள் காணவில்லை, குறுவழிப் படம் மட்டும் இருக்கிறது

அந்தப் படத்தைச் சொடுக்காதீர்கள். இது உண்மையிலேயே வைரஸ் வேலையாக இருக்கலாம். பெரும்பாலும் கோப்புகள் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். முதலில் விண்டோஸ் செக்யூரிட்டியால் விரலியைச் சோதியுங்கள். பிறகு மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பைத் திறந்து நகலெடுங்கள். கணினிக்கே தொற்றியிருக்கும் என்று தோன்றினால் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் நல்ல தேர்வு. விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே அது சோதித்துவிடும், வைரஸ் ஒளிந்துகொள்ள வழியில்லை.

கருவி சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

இதுதாங்க முக்கியம். கருவி 'கெட்டது' என்று சொல்வதும் 'நல்லது' என்று சொல்வதும் ஒரே எடையுள்ள வாக்குமூலம் அல்ல.

2007-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தட்டில் முதல் ஸ்கேன் பிழை தோன்றிவிட்டால், பிழையில்லாத தட்டைவிட அது அடுத்த 60 நாளில் கெடும் வாய்ப்பு 39 மடங்கு என்று கண்டார்கள். ஆனால் அதே ஆய்வில், கெட்டுப்போன தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை மிக வலுவான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை. ஆகவே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ 'காஷன்' அல்லது 'பேட்' என்றால் அன்றே நகலெடுங்கள். 'குட்' என்றால் நிம்மதியாக இருங்கள், ஆனால் நகலெடுப்பதை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று ஈவென்ட் வியூவர். நல்ல கணினியில்கூட அதில் மஞ்சளும் சிவப்புமாக நிறையப் பதிவுகள் இருக்கும். 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. தொலைபேசியில் அழைத்து 'நாங்கள் மைக்ரோசாப்ட்' என்று சொல்லும் மோசடிக்காரர்கள், இந்தப் பட்டியலைத் திறக்கச் சொல்லித்தான் "பாருங்க, எவ்ளோ வைரஸ்!" என்று பயமுறுத்துவார்கள். வைத்துவிடுங்கள்.

அதேபோல் 'ஒரே சொடுக்கில் வேகம்' என்று விளம்பரம் செய்யும் கிளீனர், டிரைவர் அப்டேட்டர் வகைகளைத் தவிருங்கள். அவற்றில் பல இலவசமாகச் சோதித்து, நூற்றுக்கணக்கில் பிழை என்று காட்டி, திருத்தக் காசு கேட்கும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. எந்தக் கருவியானாலும் அதைத் தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

கடைக்குப் போகும்போது

எல்லாவற்றையும் நாமே செய்ய முடியாது. தண்ணீர் கொட்டினாலோ, பேட்டரி உப்பினாலோ, கருகிய வாடை வந்தாலோ, வன்தட்டு 'டக் டக்' என்று சத்தம் போட்டாலோ உடனே அணைத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாமல் அந்த நான்கு குறிப்புத் தாளோடு போங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள்: "எந்தச் சோதனை வச்சு இத சொல்றீங்க? அந்த முடிவ எனக்குத் திரையில காட்டுறீங்களா? ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி என் ஃபைல் எல்லாத்தையும் எடுத்துக் குடுப்பீங்களா?" நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மாணவர்களுக்குப் பயிற்சி

கீழ்க்காணும் ஒவ்வொன்றுக்கும் முதலில் எடுக்க வேண்டிய கருவி எது, ஏன் என்று இரண்டு வாக்கியத்தில் எழுதுக.

1. காலையில் நன்றாக ஓடும் மடிக்கணினி, காணொளி பார்த்து இருபது நிமிடத்தில் அணைகிறது. ஆறிய பின் மீண்டும் ஓடுகிறது.
2. கடந்த செவ்வாய்க்கிழமை முதல் ஒரு மென்பொருள் மட்டும் மூடிக்கொள்கிறது.
3. கணினி மெதுவாக இருக்கிறது என்று உன் அம்மா சொல்கிறார். வேறு தகவல் இல்லை.

விடைக்குறிப்பு: முதலாவதற்கு வெப்பநிலை காட்டும் கருவி, இடைவெளி கொடுத்தால் ஓடுவதால். இரண்டாவதற்கு ரிலையபிலிட்டி மானிட்டர், தொடங்கிய நாள் தெரிவதால். மூன்றாவதற்கு எந்தக் கருவியும் இல்லை. முதலில் அம்மாவிடம் அந்த நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

நம் டீச்சர் புதிய எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டுக்கொண்டார். கேள்வித்தாள்களில் பாதியைப் பழைய அச்சுப் பிரதிகளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார். மீதி கிடைக்கவில்லை. இதைப் படித்து முடித்ததும் உங்கள் கணினியில் விரலியைச் செருகி, இந்த ஆண்டுக் கேள்வித்தாள்களை மட்டுமாவது நகலெடுத்து வையுங்கள். கருவி எதுவானாலும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.